அண்ணன் எடுத்து வந்த பூட்டு

எலக்ட்ரீஷியன் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டவள் நான். தண்டனை கிடைத்ததோ அண்ணனுக்கு. இரண்டு வருஷ ஐ.டி.ஐ. படிப்பைத் தண்டனை என்று சொல்லக் கூடாதுதான். ஆனால் முதல் ஆறு மாதம் அவன் பஸ்ஸில் உட்கார்ந்து வந்த லட்சணத்தைப் பார்த்தவர்கள் வேறு எதுவும் சொல்ல மாட்டார்கள்.

சுண்ணாம்புக்குளத்துக்குக் கிழக்கே ஏரிக்கரையில் எங்கள் குப்பம். யார் வீட்டில் ஃப்யூஸ் போனாலும், மிக்ஸி சுற்றாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பிளஸ் டூ முடித்ததும் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிக்கிறேன் என்று கேட்டேன். அம்மா என்னைவிடச் சத்தமாக அழுதாள். நைனா இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்.

"தனியா அனுப்ப மாட்டேன். அண்ணனும் சேந்தா நீயும் சேரு."

அண்ணன் என்னைவிட ஒன்றரை வயது மூத்தவன். அப்போது அவன் ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தான். நண்டு எந்தப் பக்கம் நிற்கிறது என்று தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவான். அவனுக்குப் பஸ்ஸும் வேண்டாம், வகுப்பும் வேண்டாம். நான் நாலு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், வந்தால் சோறு இறங்காது. ஐந்தாம் நாள் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். "துன்னு தொலை" என்றான். அவ்வளவுதான் அவன் சொன்னது. அந்தக் கையெழுத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், காவலுக்கு வந்தவன்தான் வகுப்பில் முதல் ஆளானான். சின்ன வயதிலிருந்து வலை பின்னிய விரல்கள். கம்பியை உரித்து, முறுக்கி, இணைப்புப் போடும்போது எங்களுக்கெல்லாம் விரல் நுனி வீங்கும். அவன் பேசிக்கொண்டே செய்துவிட்டு அடுத்தவன் வேலையையும் வாங்கிக்கொள்வான். மோட்டார் சுற்றக் கற்றுக்கொடுத்த மாதத்தில் ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டில் பழைய மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். நண்டைப் பற்றிப் பேசுவது குறைந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் பட்டினி கிடந்து வாங்கிய படிப்பை அவன் நோகாமல் தின்றுகொண்டிருந்தான்.

படிப்பு முடிந்ததும் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு வருஷம் அப்ரெண்டிஸ் பயிற்சி கிடைத்தது. அந்த வருஷம் முடிந்தால்தான் முழுச் சான்றிதழ். எங்கள் செட்டில் ஒருவரை நிரந்தரமாக எடுப்பார்கள் என்றும், அது அண்ணனாகத்தான் இருக்கும் என்றும் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

முதல் வாரம் பாதுகாப்பு வகுப்பு. ஆளுக்கு ஒரு சிவப்புப் பூட்டு, ஒரே ஒரு சாவி, நம் போட்டோ ஒட்டிய ஓர் அட்டை கொடுத்தார்கள். மோட்டாரிலோ ஒயரிலோ வேலை செய்யப் போகுமுன் பேனல் ரூமில் அதற்கான சுவிட்சை அணைத்து, அதன்மேல் நம் பூட்டைப் போட்டு, அட்டையைத் தொங்கவிட வேண்டும். பூட்டு தொங்கும்வரை யாரும் சுவிட்சைத் தொடக் கூடாது. மற்ற பையன்கள் ஆயிரம் கேள்வி கேட்டார்கள். நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

"இது நம்ம கழிதான?" என்றான்.

ஆமாம், எங்களுக்குத் தெரிந்த சமாசாரம்தான். எங்கள் ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. பாடு என்று முறை உண்டு. இந்த இடம் முதலில் இந்தக் குடும்பத்துக்கு, அவர்கள் வலையைத் தூக்கியதும் அடுத்த குடும்பத்துக்கு. முறை வந்தவர்கள் போய் அந்த இடத்தில் தங்கள் கழியை ஊன்றி, அதன் தலையில் தங்கள் துணியைக் கட்டுவார்கள். கழி நிற்கும்வரை வேறு யாரும் அங்கே வலையை இறக்க மாட்டார்கள். வலையைத் தூக்கியதும் கழியையும் பிடுங்கிவிட வேண்டும். அதைப் பார்த்துத்தான் அடுத்த பாடு உள்ளவர், அதாவது பாட்டுக்காரர், வருவார். அடுத்த வீட்டுக் கழியைத் தொட்டால் ஊரே கூடிவிடும். ஆனால் சொந்த வீட்டுக் கழி அப்படி இல்லை. நைனா வலையைத் தூக்கிக்கொண்டு மீனை வியாபாரியிடம் போட வேறு பக்கம் போயிருப்பார். பின்னால் வருகிற மகனோ தம்பியோ வழியில் நிற்கும் கழியைப் பிடுங்கிப் படகில் போட்டுக்கொண்டு வருவான். பிடுங்காமல் வந்தால் அதைவிட அவமானம் கிடையாது. "ஊட்டுக் கழிய தண்ணில உட்டுட்டு வந்தவன்" என்று எங்கள் பக்கம் ஒரு வசவே இருக்கிறது.

பாதுகாப்பு வகுப்பில் எங்களைத்தான் முதலில் பாராட்டினார்கள். சட்டென்று புரிந்துகொண்டோமாம். தெரியாதவன் நாலு பேரைக் கேட்டுக் கற்றுக்கொள்வான். தெரியும் என்று நினைப்பவனை யார் திருத்துவது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெண் பிள்ளைகளுக்கென்று தொழிற்சாலையில் ஒரு நீலக் கோட்டுத் தைத்துக் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் பையின் மூடி மட்டும் அழகாகத் தைத்திருக்கும், தூக்கிப் பார்த்தால் உள்ளே பை இருக்காது. தையல்காரர் துணியை மிச்சம் பிடித்தாரோ, பெண்களுக்குப் பை எதற்கு என்று நினைத்தாரோ, தெரியாது. சாவியை எப்போதும் உடம்பில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. நான் நாலு நாள் கையில் பிடித்துப் பார்த்தேன், ஒருமுறை இடுப்பில் செருகித் தொலைத்து நாள் முழுக்கத் தேடினேன். அப்புறம் பேனல் ரூம் ஆணியில் அண்ணன் மாட்டுகிற சாப்பாட்டுப் பையில் போட ஆரம்பித்தேன். இருவருக்கும் ஒரே பைதான். எங்கள் வீட்டில் எதையும் தனித்தனியாக வைத்துப் பழக்கம் இல்லை.

பயிற்சி முடிய இரண்டு மாதம் இருந்தது. அன்றைக்குப் பம்ப் ஹவுஸில் ஒரு மோட்டாரில் கேபிள் நுழையும் வாயில் தண்ணீர் இறங்குகிறது என்று என்னையும் ஒரு சீனியர் எலக்ட்ரீஷியனையும் அனுப்பினார்கள். பேனல் ரூமுக்குப் போய்ச் சுவிட்சை அணைத்து என் பூட்டைப் போட்டேன். சீனியர் தன் பூட்டைப் போடவில்லை, "உன்னுது இருக்குதுல்ல" என்றார். மோட்டாரில் கரண்ட் இல்லை என்று டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு மூன்று ஒயரையும் கழற்றினேன். அந்த வாயின் பழைய பித்தளை வளையம் களிம்பேறி இறுகி வர மறுத்தது. நேரமாகிவிட்டது. புதிதாக ஒன்று வாங்கி வர அவர் ஸ்டோருக்குப் போனார்.

சாயங்காலம் நாலரைக்கு ஷிப்ட் முடியும். கம்பெனி பஸ் கால் மணி நேரத்தில் கிளம்பிவிடும். அண்ணன் பேனல் ரூமில் தன் வேலையை முடித்துவிட்டு சாப்பாட்டுப் பையை எடுக்கப் போயிருக்கிறான். என் போட்டோவோடு பூட்டுத் தொங்குவதைப் பார்த்திருக்கிறான். நான் எங்கே என்று ஆபரேட்டரைக் கேட்டிருக்கிறான். "பொண்ணுங்கல்லாம் பஸ்ஸுக்குப் போயிட்டாங்களே" என்று அவர் சொல்லியிருக்கிறார். தங்கை பூட்டை மறந்து போய்விட்டாள், நாளைக்குத் திட்டு வாங்குவாள் என்று நினைத்தான். அப்புறம் எங்கள் வீட்டு ஆள் எவனும் செய்கிறதைச் செய்தான். பையிலிருந்து என் சாவியை எடுத்தான். பூட்டைத் திறந்து, அட்டையோடு கையில் எடுத்துக்கொண்டு, என்னிடம் கொடுக்கப் பஸ்ஸுக்கு நடந்தான்.

பூட்டு போனதைப் பார்த்த ஆபரேட்டர், வேலை முடிந்தது என்று சுவிட்சைப் போட்டு மோட்டாரை ஓட்டப் பார்த்தார்.

ஸ்பானரை எடுக்க நான் அந்தக் கணம் திரும்பியிருந்தேன். அதனால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கழற்றிய ஒயர்கள் ஒன்றோடொன்று உரசி வெடிச் சத்தம் கேட்டது. நீலமாக ஒரு வெளிச்சம், பிறகு கருகிய நாற்றம். இடது கை முழங்கை வரை தோல் வெந்திருந்தது. வலி உடனே தெரியவில்லை. தரையில் உட்கார்ந்து, பூட்டுப் போட்டேனே, போட்டேனே என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓடி வந்தவர்களில் அண்ணனும் இருந்தான். எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள், நான் அவன் கையைப் பார்த்தேன். என் பூட்டு அதில் இருந்தது. அவனும் அப்போதுதான் அதைப் பார்த்தான். அவன் முகம் அப்படி வெளுத்ததை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. பூட்டு அவன் பேண்ட் பைக்குள் போனது. அவனுக்குப் பை இருந்தது.

முதலுதவி அறையில் சூப்பர்வைசர் கேட்டார், "பூட்டு போட்டியா, இல்லியா?"

அண்ணன் வாயைத் திறந்தான். நான் முந்திக்கொண்டேன். "போடல சார். மறந்துட்டேன்."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள், எனக்கு நாக்கு ஆடியது. அடுத்தவர் பூட்டைத் திறந்தவனை அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். மறந்தவளுக்கு விசாரணை இருக்கும், திட்டு இருக்கும், என்னையும் அனுப்பினாலும் அனுப்புவார்கள். ஆனால் எனக்காகக் கையெழுத்துப் போட்டவன் வேலையை நான் எப்படிப் பறிப்பது? தன் பூட்டைப் போடாத சீனியரும், விசாரிக்காமல் சுவிட்சைப் போட்ட ஆபரேட்டரும் தங்களைக் காத்துக்கொள்ள வாயைத் திறக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று என்று நினைத்தேன்.

சூப்பர்வைசர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார், "இதுக்குத்தான் பொம்பளப் புள்ளைங்க வாணாம்னு தலதலயா அடிச்சுக்கினேன். அடுத்த செட்டுல வர்ற மூணு பேரையும் நிறுத்தி வையுங்க."

வெந்த கையைவிட அந்தப் பேச்சு எரிந்தது. அந்த மூன்று பெண்களில் ஒருத்தி இன்னும் ஐ.டி.ஐ.யில் படிக்கிறவள், எளாவூரில் டவுன் பஸ் ஏறுகிறவள். மறுநாள் கைக்குக் கட்டு மாற்ற நான் போன பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து நின்றாள். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. "கை ரொம்ப எரியுதாக்கா?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். இதற்குத் திட்டியிருக்கலாம்.

வீட்டில் உண்மையைச் சொன்னேன். அம்மா தெளிவாக இருந்தாள். "சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். நீ நாளைக்கு ஒருத்தன் ஊட்டுக்குப் போறவ. உங்கண்ணனுக்கு அந்த வேலய உட்டா இன்னா இருக்குது?" நைனா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் சாப்பாட்டைத் தொடவில்லை. சொல்லாதே என்றும் சொல்லவில்லை, சொல் என்றும் சொல்லவில்லை. அவன் ஒரு வார்த்தை பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அதற்காக அவன்மேல் எனக்குக் கோபம் இருந்தது, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

விசாரணைக்கு எங்கள் எல்லோரையும் ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். பாதுகாப்பு அதிகாரி நிதானமான மனிதர். "பூட்டை மறந்தது எப்படிம்மா?" என்று எழுதத் தயாராகக் கேட்டார்.

"மறக்கல சார். போட்டேன். எங்கண்ணன் எடுத்துட்டாரு."

அண்ணன் பேண்ட் பைக்குள் கையை விட்டு, அட்டையோடு என் பூட்டை எடுத்து மேசைமேல் வைத்தான். மூன்று நாளாக அதைத் தூக்கிக்கொண்டே திரிந்திருக்கிறான்.

"ஏன்ப்பா எடுத்த?" என்று கேட்டார் அதிகாரி.

"ஊட்டு ஆளோடது சார்" என்றான். நான் கழியைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து, "கழி இடத்துக்கும்மா. பூட்டு ஆளுக்கு" என்றார். அவ்வளவு சின்ன வித்தியாசம்தான். பத்து மாதமாக நாங்கள் இருவரும் அதைப் பார்க்கவே இல்லை.

சாவி எப்படிச் சாப்பாட்டுப் பைக்குப் போனது என்று கேட்டபோது நான் எழுந்து நின்று கோட்டைக் காட்டினேன். அவர் பை மூடியைத் தூக்கிப் பார்த்தார், அடுத்த பக்கமும் தூக்கிப் பார்த்தார். பிறகு சூப்பர்வைசரைப் பார்த்தார். அந்த வாரமே எங்கள் கோட்டுகளுக்கு உள்ளே பை தைக்கப்பட்டது. எளாவூர்ப் பெண்ணும் மற்ற இரண்டு பேரும் அடுத்த மாதம் சேர்ந்தார்கள். சீனியருக்கு ஒரு வாரம் வேலை இல்லை. எனக்கு எழுத்தில் எச்சரிக்கை. அண்ணனை அன்றைக்கு மத்தியானமே அனுப்பிவிட்டார்கள்.

அன்றிலிருந்து அவன் என்னோடு பேசவில்லை. மறுபடி ஏரிக்குப் போனான். அம்மா எனக்குச் சோறு போடும்போது தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். "அண்ணனக் காட்டிக் குடுத்தவ" என்று தண்ணீர்க் குழாயடியில் என் காதுபடவே பேசினார்கள். ஊர் வாயை மூட முடியுமா? நான் தனியாகப் பஸ் ஏறினேன். காவலுக்கு ஆள் இல்லாமல் பெண் போகிறதே என்று நைனாகூட ஒன்றும் சொல்லவில்லை. நான் செய்தது சரி என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். ஒவ்வொரு நாளும் அழுதேன்.

அடுத்த வருஷம் அண்ணன் வேறொரு தொழிற்சாலையில் முதலிலிருந்து ஒரு வருஷம் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கினான், இன்றைக்கு என்னைவிட நல்ல இடத்தில் இருக்கிறான். இதைச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு நாள் இருக்கிறது.

அன்றைக்கு எங்கள் பாடு. எனக்கு வார விடுமுறை. நைனாவும் சித்தப்பாவும் ஒரு படகில் போய் வலையைத் தூக்கிவிட்டு, மீனைப் போட்டுவிட்டு வர அடுத்த கரைக்குப் போயிருந்தார்கள். நண்டு வலைக்குத் தனியாகப் போன அண்ணன் பத்து மணிக்குத் திரும்பினான். கொஞ்ச நேரத்தில் நைனாவும் வந்து சேர்ந்தார். ஏரியில் எங்கள் கழி துணியோடு அப்படியே நின்றது.

கரையில் அடுத்த பாட்டுக்காரர்கள் வலையோடு காத்திருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே நைனா கத்த ஆரம்பித்தார்.

"ஊட்டுக் கழிய உட்டுட்டு வந்துகிறியேடா, உனுக்கு இன்னா கண்ணு அவிஞ்சா பூட்ச்சு? வல தூக்கினத பாக்கல?"

"பாத்தேன் நைனா. வல இல்ல."

"அப்புறம் இன்னா?"

"நீ எங்க கீறன்னு தெர்ல. உன்ன கண்ணால பாக்கல."

"என்ன இன்னாத்துக்குடா பாக்கணும்? கழிக்கும் ஆளுக்கும் இன்னா?"

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். பாவம், கரண்ட் வேலைக்குப் போய்ப் பையனுக்குக் கொஞ்சம் மறை கழன்றுவிட்டது என்று ஒருவர் சொன்னார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அண்ணன் படகை மறுபடி தண்ணீரில் தள்ளினான். தள்ளிவிட்டு, ஒன்றரை மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக என்னைப் பார்த்தான்.

"ஏறு" என்றான்.

ஏறினேன். கோலால் ஊன்றி ஊன்றித் தள்ளிக்கொண்டு போனான். பாதி தூரம் போனதும், தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டான், "கை எப்டி கீது?"

"பரவால்ல. எரியல."

"காட்டு."

காட்டினேன். தோல் வேறு நிறத்தில் இருந்தது. ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு படகைக் கழியருகே நிறுத்தினான். கையை நீட்டினான், ஆனால் தொடவில்லை.

"திரும்பிப் பாரு. நைனா கரைல நிக்கிறாரா, பாத்துச் சொல்லு."

திரும்பிப் பார்த்தேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு இன்னும் திட்டிக்கொண்டேதான் இருந்தார்.

"நிக்கிறாரு" என்றேன்.

அப்புறம்தான் அண்ணன் கழியில் கை வைத்தான்.